வட்டத்துக்கு நான்கு மூலை

ஜூன் 4, 2006, ஞாயிறு

இன்றைக்கு நான் எடுத்து முடித்திருக்கும் படத்தைப் போல அறந்தாங்கியில் இதுவரை ஒருவரும் எடுத்ததில்லை. இனியும் எடுக்கப்போவதில்லை. ஏனென்றால் எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மருதம் வீடியோஸ் மருதப்பன் என்றால் ஆவுடையார்கோவில் முதல் கட்டுமாவடி வரை தெரியும். எட்டாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்திவிட்டதாகச் சிலர் சொல்லித் திரிகிறார்கள். உண்மையில் அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை.

படம் என் அக்கா மகள் குழலியைப் பற்றியது. மாப்பிள்ளை வீடு மலேசியாவில், கிள்ளான் என்கிற ஊர். பையன் பெயர் குணாளன், அச்சகத்தில் வேலை. அவன் அம்மா சௌந்தரம் பிறந்தது நம் நாகுடிப் பக்கம்தான் என்பதால் மருமகள் இங்கிருந்துதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆனால் மூட்டுவலி, விமானம் ஏற முடியாது. போனில் என்னிடம்தான் கேட்டார்.

"ஒரு சிடி எடுத்து அனுப்புங்கண்ணே. அதையே பொண்ணு பாத்ததா வெச்சுக்குவோம். பிடிச்சிருந்தா ஆனிக்குள்ள பூ வெச்சிருவோம். ஆடி பொறந்துட்டா தள்ளிப் போயிரும், பையனுக்கும் லீவு கெடைக்காது."

தாய்மாமன் நான். குழலிக்கு அப்பா இல்லை. இந்தக் காரியத்தை என்னை விட்டால் யார் செய்வது?

குழலி பால் சங்கத்தில் வேலை பார்க்கிறாள். பாலைச் சோதித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்லும் வேலை. அழகான பெண். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் கொஞ்சம் சூம்பிவிட்டது, நடக்கும்போது ஒரு சாய்வு. பார்க்கத் தெரிந்தவனுக்கு அதுவே ஒரு தனி அழகு. பார்க்கத் தெரியாதவர்கள் போன வருஷம் தஞ்சாவூரிலிருந்து வந்தார்கள். நிச்சயதார்த்த மண்டபத்தில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுக்கு நாள் சரியில்லை, அவ்வளவுதான்.

குழலி இந்த முறை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "மாமா, நான் நடக்கறத முழுசா எடுக்கணும். வாசல்லேருந்து அடிபம்பு வரைக்கும் போயி, தண்ணி அடிச்சு, கொடத்த தூக்கிட்டு வருவேன். வெட்டக் கூடாது. அத பாத்துட்டு சரின்னு சொன்னா சரி, வேணாம்னா வேணாம். நீங்க வாயால எதுவும் சொல்ல வேணாம். படமே சொல்லட்டும்."

எடுத்தேன். வெட்டவில்லை. ஆனால் படம் என்பது ஒரு கலை. கதாநாயகி எடுத்த எடுப்பில் வந்து நின்றால் அது படமா? அதனால் முதலில் ஊர், கோயில் கோபுரம், சந்தை, என் கடை, கடைக்குள் நான், எங்கள் குடும்பத்தின் பெருமையைப் பற்றி என் குரலில் ஒரு உரை. பிறகு அக்கா வீடு, மாடு, சமையலறை. கடைசிக் கால் மணி நேரம்தான் குழலி. நாற்காலியில் உட்கார்ந்து வணக்கம் சொல்வாள், தன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசுவாள், எழுந்து நடப்பாள். சிடி முழுக்க நிரம்பிவிட்டது. ஓரத்தில் ஒரு நூல் இடம் மிச்சமில்லை.

ஜூன் 6, செவ்வாய்

துணி வியாபாரம் செய்யும் சதக்கத்துல்லா பாய் நாளைக்குக் கிள்ளான் போகிறார். அவர் கையில் சிடியைக் கொடுத்தேன்.

கொடுக்கும் முன் கடை டிவியில் முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். தங்கமாக ஓடியது. பிறகுதான் மஞ்சள் வைத்தேன். இது என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. கல்யாணப் பத்திரிகைக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோம், புதுத் துணிக்குத் தடவுகிறோம். மங்கல காரியத்துக்குப் போகிற சிடிக்கு மட்டும் ஏன் தடவக் கூடாது? வட்டத்துக்கு ஏது மூலை என்று கோமதி சிரித்தாள். என் மனைவிக்குக் கலையுணர்வு குறைவு. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று ஓரத்தில் நான்கு பொட்டு வைத்தால் நான்கு மூலை ஆயிற்று. மேல் பக்கத்தில் குழலியின் போட்டோ ஒட்டியிருந்ததால், முகத்தில் மஞ்சள் பட வேண்டாம் என்று அடிப்பக்கத்தில், பளபளவென்று இருக்கும் பக்கத்தில் வைத்தேன். குழைத்த மஞ்சள், நல்ல கெட்டியாக.

பாய் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன மருது, சிடிக்கு மாப்பிள்ளை பாத்திருக்கியா?" என்றார். சிரிக்கட்டும். நாளைக்கு ஜில்லாவே இப்படிச் செய்யும்.

ஜூன் 9, வெள்ளி

வளைகாப்பு சிடி வாங்கிப்போன ஆசிரியர் திருப்பிக் கொண்டுவந்தார். கடைசியில் பந்தி வரும்போது நின்றுவிடுகிறதாம். உங்கள் பிளேயர் பசியோடு இருக்கிறது சார் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 15, வியாழன்

மத்தியானம் கிள்ளானிலிருந்து போன்.

"அண்ணே, படம் பாத்தோம். கோபுரமெல்லாம் பாத்து எனக்கு அழுகையே வந்துருச்சு. நீங்களும் நல்லா பேசுறீங்க, கொஞ்சம் நெறையா பேசுறீங்க. பொண்ணு லட்சணமா இருக்கு."

"நம்ம ரத்தம்மா."

"ஆனா பொண்ணு நாற்காலியிலேருந்து எந்திரிக்குது பாருங்க, அந்த எடத்துல படம் நின்னுருது. கட்டம் கட்டமா உடைஞ்சு, அப்படியே நிக்குது. திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தோம்."

உடனே சமாளித்தேன். விமானத்தில் அத்தனை உயரத்தில் போகும்போது காற்றழுத்தத்தில் சிடி லேசாக விரிந்துவிடும், நம் மாதிரி தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் இது தெரியும் என்றேன். புதிதாக ஒன்று அனுப்புகிறேன் என்றேன்.

பின்னால் பையன் குரல் கேட்டது. "கரெக்டா எந்திரிக்கிற எடத்துலயே விரியுமாம்மா?"

நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் சரியில்லை.

ஜூன் 16, வெள்ளி

பால் சங்கத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள் குழலி. உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றாள்.

"அம்மா சொன்னாங்க, போன் வந்துச்சாமே?"

"வந்துச்சு. ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. நீ லட்சணமா இருக்கேன்னாங்க."

"நடந்தத பாத்தாங்களா?"

"சிடியில ஒரு சின்ன கோளாறு. கடைசியில கொஞ்சம் தட்டுது. வேற அனுப்பறேன்."

"எந்த எடத்துல தட்டுது?"

பாலில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்கிற அதே குரல். நான் சிடி ரைட்டரைத் திறந்து, லென்சைத் துடைத்து, ரொம்ப வேலையாக இருப்பதுபோல் இருந்தேன். இருப்பதுபோல் என்ன, இருந்தேன்.

ஜூன் 17, சனி

இன்று முழுவதும் ஆராய்ச்சி. விமானத்தின் மேல் பழி போட்டது தந்திரத்துக்காக. உண்மைக் காரணம் சிடியின் தரம் என்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன். மலிவு சிடிகளை விட்டுவிட்டு, திருச்சியிலிருந்து உயர்ந்த சிடி வரவழைத்தேன். ரைட்டரின் வேகத்தைக் குறைத்து, மெதுவாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போலக் காப்பி போட்டேன். கடை டிவியில் ஓட்டினேன். குழலி எழுந்தாள், நடந்தாள், பம்பு அடித்தாள், குடத்தோடு திரும்பினாள். ஒரு கட்டம் உடையவில்லை. பக்கத்து டீக்கடை பிளேயரிலும் போட்டுக் காட்டினேன். கூட்டம் கூடி வாயைப் பிளந்தது. (இரண்டு பேர். ஆனால் பிளந்தார்கள்.)

மஞ்சள் வைத்து, உறையில் போட்டு, கூரியரில் அனுப்பிவிட்டேன். இரண்டாவது முறை என்பதால் பொட்டு கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

ஜூன் 26, திங்கள்

மறுபடியும் நின்றுவிட்டது.

எந்த இடத்தில் என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாவே சொன்னார்.

"நாற்காலிய விட்டு எந்திரிக்குது, நின்னுருது. அதே எடம்ண்ணே."

"உங்க பிளேயர்..."

"பக்கத்து வீட்டுலயும் போட்டுப் பாத்தோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, நானும் அந்த மண்ணுல பொறந்தவ. கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணும் மறைக்கலையே?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் தடுமாறியிருப்பான். நான் தடுமாறவில்லை. "எங்க குடும்பத்துல மறைக்கறதுங்கற பேச்சே கெடையாதும்மா," என்றேன். இது உண்மை. படத்தில் நான் எதையும் வெட்டவில்லை. எடுத்ததை எடுத்தபடி அனுப்பியிருக்கிறேன். ஓடாதது என் குற்றமா?

"அப்ப சரி. உங்க வார்த்த போதும். எனக்குப் பொண்ண பிடிச்சிருக்கு. ஆனி முடியறதுக்குள்ள நல்ல நாளா பாத்துச் சொல்லுங்க. நாகுடியில என் தம்பி பொஞ்சாதி இருக்கா, அவள விட்டு பூ வெச்சிரச் சொல்றேன்."

அப்படியே ஜோசியரிடம் போனேன். ஜூலை ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள். அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சொன்னபோது அக்கா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. குழலி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தாங்களா மாமா?"

"பாத்துட்டுத்தானே பூ வைக்கச் சொல்றாங்க!"

"நான் நடக்கறத?"

"பாத்தாங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து ஒரு வருஷம் இருக்கும். "அப்படியா," என்றாள். மடித்த சேலையை எடுத்து மறுபடியும் மடித்தாள்.

பார்த்தார்கள் என்பதில் பொய் ஒன்றும் இல்லை. எழுந்திருப்பது நடையின் தொடக்கம். தொடக்கத்தைப் பார்த்தார்கள்.

ஜூன் 28, புதன்

கோமதிக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

வளைகாப்பு ஆசிரியர் திருப்பிக் கொடுத்த சிடி கடை மேசையில் கிடந்தது. அதற்கும் நான் மங்கலமாக வைத்திருந்த ஓரத்து மஞ்சள் உதிர்ந்து மேசையெல்லாம் ஆகிறது என்று முந்தானையை நனைத்துத் துடைத்தாள். துடைத்தது மேசையை மட்டுமல்ல, சிடியையும். நான் சும்மா போட்டுப் பார்த்தேன். பந்தி ஓடியது. பாயசம் வரைக்கும் ஓடியது.

"ஏங்க, நின்னுபோவுதுன்னு சொன்னாரே, ஓடுதே?"

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. சிடி உள்ளேயிருந்து வெளியே படிக்கும். முதல் காட்சி நடுவில் இருக்கும், கடைசிக் காட்சி ஓரத்தில் இருக்கும். ஓரத்தில் என் மஞ்சள். கடையில் ஓட்டிப் பார்ப்பது மஞ்சளுக்கு முன்னால், ஆட்கள் வீட்டில் பார்ப்பது மஞ்சளுக்குப் பின்னால். இதைக் கண்டுபிடித்தது இந்தியாவிலேயே நான்தான் முதல் ஆளாக இருப்பேன்.

கோமதி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப குழலி சிடியும் இதனாலதானே? இப்பவே போன் பண்ணி, தொடச்சுட்டுப் போடச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை."

பண்ணலாம். போனில் சார்ஜ் இல்லை.

ஜூன் 29, வியாழன்

கரண்ட் இல்லை.

ஜூலை 1, சனி

கரண்ட் வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர்கள் பிடித்திருக்கிறது என்று சொல்லி, நாளும் குறித்தாயிற்று. நல்லபடியாக ஓடுகிற வண்டியை நிறுத்தி யாராவது டயரைத் தட்டிப் பார்ப்பார்களா? கல்யாணமாகி அந்தப் பையன் ஒரு வாரம் குழலியோடு பழகினால் காலைப் பற்றி நினைக்கவே மாட்டான். நான் மனிதர்களை லென்ஸ் வழியாகப் பார்த்துப் பழகியவன், எனக்குத் தெரியும்.

இதைக் கோமதியிடம் விளக்கினேன். "போன வருஷம் தஞ்சாவூர்க்காரங்ககிட்ட மறைச்சப்பவும் இதத்தான் சொன்னீங்க," என்றாள். சோறு போட்டாள். குழம்பு நானே ஊற்றிக்கொண்டேன்.

அக்கா வந்து பூ வைக்கும் அன்றைக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனது. குழலி பச்சை நிறத்தில் பட்டு எடுத்திருக்கிறாளாம். அவளாகவே கடைக்குப் போய் எடுத்தாளாம்.

ஜூலை 5, புதன்

சதக்கத்துல்லா பாய் ஊருக்கு வந்துவிட்டார். வந்தவர் என் கடைக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்? நேராக அக்கா வீட்டுக்குப் போய், கிள்ளான் அம்மா கொடுத்தனுப்பிய பிஸ்கட் டப்பாவையும், "ரிப்பேர் பண்ணித் தரச் சொன்னாங்க" என்று முதல் சிடியையும் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர்கள்தான் காரியத்தைக் கெடுக்கிறார்கள்.

சாயங்காலம் குழலி வந்தாள். இந்த முறை படியில் நிற்கவில்லை. உள்ளே வந்து, சிடியை மேசையில் வைத்தாள்.

"வீட்டுல போட்டுப் பாத்தேன் மாமா."

"உக்காரும்மா. கோமதி, காப்பி போடு."

"என் கால்கிட்ட வந்து நிக்குது."

இதற்கு நான் ஒரு நீண்ட விளக்கம் கொடுத்தேன். ஈரப்பதம், லென்ஸ் தேய்மானம், மலேசியாவின் மின்சாரம் நம்மைவிட வேகமாக ஓடுவது. அவள் குறுக்கே பேசவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்து, "பாத்தாங்கன்னு சொன்னீங்களே," என்றாள்.

பதில் சொல்வதற்குள் கோமதி வந்தாள். கையில் காப்பி இல்லை, ஈரத்துணி இருந்தது. சிடியை எடுத்தாள், ஓரத்தைத் துடைத்தாள், பிளேயரில் போட்டாள், கடைசிக்கு ஓட்டினாள். டிவியில் குழலி நாற்காலியிலிருந்து எழுந்தாள். வாசலைத் தாண்டினாள். அடிபம்பை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள்.

"மஞ்சள்தான் குழலி," என்றாள் கோமதி. "வேற ஒண்ணுமில்ல. அனுப்புறப்ப உங்க மாமாவுக்கு அது தெரியாது, சத்தியமா தெரியாது. போன வாரம் தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம்..." என்னைப் பார்த்தாள். "அதுக்கப்புறம் நீங்க சொல்லுங்க."

இருபது வருஷக் குடித்தனம். ஒரு ஈரத்துணியில் முடித்துவிட்டாள்.

குழலி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கு மண்டபத்துல எலையெல்லாம் போட்டாச்சு மாமா. சாம்பார் ஊத்திக்கிட்டிருக்காங்க. நான் மேடைக்கு ஏறுனத பாத்துட்டு அவங்க வீட்டு ஆளுங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு செருப்பு மாட்டுறாங்க. எல்லாரும் போறவரைக்கும் நான் மேடையிலயே உக்காந்திருந்தேன், ஞாபகம் இருக்கா? ஏன் எறங்கி வரலன்னு அம்மா திட்டுச்சு. எறங்குனா நடக்கணுமே மாமா. அதனாலதான்."

கடையில் பம்பு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டிவியில் அவள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம பூ வைக்க வராங்க. அதுக்கு முன்னாடி அவங்க இத பாக்கணும். போன் பண்ணுங்க."

"நாளைக்கு..."

"இப்ப."

ஜூலை 6, வியாழன்

நேற்று கை ஓய்ந்துவிட்டதால் மீதியை இன்று எழுதுகிறேன். கை மட்டும்தான்.

போனை எடுத்தது பையன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள் குழலி. போட்டேன்.

வாழ்க்கையில் நான் எத்தனையோ அழகாகப் பேசியிருக்கிறேன். நேற்று என்னவோ வெறும் உண்மையாகவே வந்தது. தம்பி, படம் நின்றதற்குக் காரணம் மஞ்சள், சிடி ஓரத்தில் மங்கலத்துக்காக நான்தான் வைத்தேன், துடைத்துவிட்டுப் போடுங்கள் என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். நல்ல சிரிப்பு இல்லை.

"மொதல்ல ஏரோப்ளேன். அப்புறம் எங்க பிளேயர். இப்ப மஞ்சளா? அங்கிள், எங்கம்மா உங்கள நம்புறாங்க. நான் நம்பல, தெளிவா சொல்லிடறேன். ரெண்டு சிடி, ரெண்டும் அந்தப் பொண்ணு எந்திரிக்கிற எடத்துல நிக்குது. ஏதோ இருக்கு. நீங்களே வெட்டிட்டு ரிப்பேர்னு சொல்றீங்க. ஞாயித்துக்கெழம வேணாம்னு அம்மாகிட்ட இன்னைக்கு சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"தம்பி, சாமி சத்தியமா மஞ்சள்தான்..."

"விடுங்க அங்கிள்."

குழலி போனுக்கு அருகில் குனிந்தாள்.

"நான் குழலி பேசறேன்."

போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மாமா சொல்றது நெஜம். மஞ்சள்தான். அது தெரிஞ்சப்புறமும் உங்களுக்குச் சொல்லாம இருந்தது அவரு தப்பு. ரெண்டாவது சிடி உங்க கையில இருக்குல்ல? அடிப்பக்கத்துல ஓரமா பாருங்க. நாலு எடத்துல மஞ்சளா இருக்கும். ஈரத்துணியில தொடச்சுட்டுப் போடுங்க. நான் லைன்லயே இருக்கேன். பாத்துட்டு, என்ன தோணுதோ அத எங்கிட்டயே சொல்லுங்க. யாருகிட்டயும் சொல்லி அனுப்ப வேணாம்."

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. "அம்மா, துணி எங்க?" என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. பிறகு சிடி சுற்றுகிற சத்தம், பிறகு என் குரல். ஆமாம், என் குரலேதான், கிள்ளானிலிருந்து. 'எங்கள் பெண்ணிடம் குறை என்று ஒன்றைச் சொல்லவே முடியாது' என்று நான் முழங்கிக்கொண்டிருந்தேன். எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. நேற்று போனுக்குள்ளிருந்து கேட்டபோது இத்தனை சத்தமாகப் பேசியிருக்க வேண்டாம் என்று பட்டது. ஒலிப்பதிவின் குறை. குழலி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

அவன் ஓட்டினான். நாற்காலியில் அவள் வணக்கம் சொல்வது கேட்டது. பால் சங்கத்தைப் பற்றிச் சொல்வது கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது.

இந்த இடம்தான்.

நிற்கவில்லை.

சிமெண்டுத் தரையில் செருப்புச் சத்தம். ஒன்று கனமாக, ஒன்று இழுத்து. கனமாக, இழுத்து. படம் எடுக்கும்போது எனக்கு அது காதில் விழவே இல்லை, கண்ணால் மட்டும்தான் எடுத்திருக்கிறேன். கோமதி என் தோளைப் பிடித்திருந்தாள். கோபத்திலா, பயத்திலா என்று தெரியவில்லை. குழலி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தன் நடையைத் தானே கேட்டுக்கொண்டு நின்றாள். பம்பு அடித்தது. குடத்தில் தண்ணீர் விழுந்தது, நிறைந்தது. மறுபடியும் செருப்பு. இப்போது இன்னும் மெதுவாக, குடத்தின் பாரத்தோடு. ஒரு இடத்தில் தண்ணீர் சிந்திய சத்தம்.

அந்த அம்மாவின் குரல் லேசாக, "அய்யோ..." என்றது.

படம் முடிந்தது. லைன் போய்விட்டதோ என்று நான் போனைத் தொடப் போனேன். குழலி என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஸ்பீக்கர எடுத்துட்டுப் பேசறீங்களா," என்றான் பையன்.

அவள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். கடை வாசலுக்கும் டீக்கடைக்கும் நடுவே நடந்துகொண்டே பேசினாள். போனாள், வந்தாள், போனாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ஒருமுறை நின்று தலையை ஆட்டினாள். ஒருமுறை கோபமாக ஏதோ சொன்னாள். திரும்பி வந்தபோது போன் சூடாக இருந்தது.

"என்னம்மா சொன்னான்?"

"கேட்டாரு, சொன்னேன்."

"சரின்னானா?"

"ஞாயித்துக்கெழம பூ வைக்க வேணாம்னு நான் சொல்லிட்டேன்." கோமதியிடம் திரும்பி, "அத்தை, இப்ப காப்பி குடுங்க," என்றாள்.

ஜூலை 9, ஞாயிறு

நல்ல நாள். ஒன்றும் நடக்கவில்லை. பச்சைப் பட்டு பெட்டிக்குள் போய்விட்டதாக அக்கா சொன்னது. என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வளைகாப்பு ஆசிரியர் வந்து, சிடி இப்போது பிரமாதமாக ஓடுகிறது என்று பாராட்டினார். சர்வீஸ் பண்ணினேன் என்றேன்.

ஜூலை 11, செவ்வாய்

கிள்ளானுக்கு போன் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். குழலி அந்த எண்ணை என் போனிலிருந்து அழித்துவிட்டாளாம், கோமதி சொன்னாள். எனக்கு எண் மனப்பாடம். இருந்தாலும் அடிக்கவில்லை.

ஜூலை 14, வெள்ளி

ஆனி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. காலையில் அக்கா ஓடிவந்தது. "மருது, அந்தப் பையன் வந்திருக்கானாம்டா! திருச்சியில எறங்கி, பஸ் ஏறிட்டானாம். நேர்ல வந்து பாத்துட்டு முடிவு சொல்லுங்கன்னு இவதான் அன்னைக்கு போன்ல கூப்பிட்டிருக்கா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா. நடந்தே போயிட்டாடா, ஆட்டோ வேணாம்னுட்டா!"

நான் கேமராவைத் தோளில் மாட்டினேன். இப்படிப்பட்ட தருணத்தைப் பதிவு செய்யாமல் விட்டால் சரித்திரம் மன்னிக்காது. கோமதி கேமராவை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதனால் கடை வாசலில் வெறுங்கையோடு நின்றேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்கா வீட்டுக்கு வர வேண்டுமானால் என் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

வந்தார்கள். பையன் போட்டோவில் இருந்ததைவிடக் கட்டை. தோளில் பை. வேகமாக நடக்கிற ஆள். இவளை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் முன்னால் போய்விட்டான். தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பிப் பார்த்து நின்றான். குழலி அவசரப்படவில்லை. வழக்கம்போல வந்தாள், அதே சாய்வு, அதே வேகம். கிட்டே வந்ததும் ஏதோ சொன்னாள். அவன் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு தலையைச் சொறிந்தான். பிறகு சேர்ந்து நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் முந்தினான். மறுபடியும் நின்றான்.

அக்கா வீட்டில் சாப்பாடு. என்னைப் பார்த்ததும் அவன், "அங்கிள், சிடியில பாத்ததவிட நேர்ல கம்மியாத்தான் பேசுறீங்க," என்றான். சிரித்தேன். வேறு வழி?

அவன் சாப்பிட்டு, பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். போகும்போது அக்காவிடம், "அம்மாவுக்கு இப்ப முட்டி கொஞ்சம் பரவாயில்ல அத்தை. ஆவணியில வந்துருவாங்க," என்றான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டது. குழலி வாசலில் நின்று அவன் ஆட்டோ திரும்பும்வரை பார்த்துவிட்டு, என்னிடம் வந்தாள்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லும்மா."

"கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க பட்டுக்கோட்டையிலேருந்து வேற ஆள வெச்சுக்கறோம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தாய்மாமன் என்பவன் மாலையோடு மேடையில் நிற்க வேண்டியவன், கேமராவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கக் கூடாது என்று அந்தக் குழந்தைக்கு எத்தனை அக்கறை! இந்த மரியாதையை இந்த ஜில்லாவில் வேறெந்த மாமனுக்கும் யாரும் கொடுத்ததில்லை.